புரோவென்ஸ் சந்தையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி: சோப்பு, ஆலிவ் எண்ணெய், லாவெண்டர், கைவினைப் பொருட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென் பிரான்சின் புரோவென்ஸ் பகுதியில் சந்தைகளுக்குக் குறைவில்லை. ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் வருடா வருடம் இந்தச் சந்தைகளுக்கு அழைத்துப் போகிறேன். எல்லாரும் ஒரே மாதிரி மூன்று தவறுகளைச் செய்கிறார்கள். பதினோரு மணிக்கு மேல் போய் நிற்கிறார்கள். முதல் கடையிலேயே பை நிறைய வாங்கிவிடுகிறார்கள். பொருளைத் திருப்பி, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இந்தச் சந்தைகளில் பொருளைத் தன் கையால் செய்தவரும், எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி வந்து விற்பவரும் அடுத்தடுத்த மேசையில் நிற்கிறார்கள். இருவரும் விரித்திருப்பது ஒரே பூப்போட்ட துணிதான். இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள், பிறகு ஊரை

ஊரைத் தேர்ந்தெடுத்து அறை போட்டுவிட்டுச் சந்தை எப்போது என்று விசாரிப்பவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் சந்தை நாள் வேறு. அந்தக் காலைப்பொழுதைத் தவறவிட்டால் ஒரு வாரம் போய்விடும்.

திங்கள் ஃபோர்கால்கியே. செவ்வாய் கோர்த். புதன் சேன்-ரெமி. வெள்ளி கார்பென்த்ரா, லூர்மாரன். சனி ஆப்த், ஆர்ல். ஞாயிறு லில்-சூர்-லா-சோர்க். எக்ஸ்-ஆன்-புரோவென்ஸில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பெரிய சந்தை உண்டு. ரிஷெல்ம் சதுக்கத்தில் காய்கனிச் சந்தை தினமும் நடக்கும்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தவை விவசாயிகள் மட்டுமே விற்கும் சந்தைகள். வெல்லரோனில் கோடைகாலத்தில் மாலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். குஸ்தலேயில் ஞாயிறு காலை. பார்ப்பதற்கு அலங்காரம் இருக்காது. பெட்டி, தராசு, மண் ஒட்டிய கேரட், அவ்வளவுதான். காய்கனிக்கு இவற்றை விட்டுவிட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

பருவத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வசந்தத்தில் அஸ்பாரகஸும் கார்பென்த்ரா ஸ்ட்ராபெரியும், மே கடைசியிலிருந்து செர்ரி, ஜூன் முதல் செப்டம்பர் வரை கவையோன் முலாம்பழம், ஆகஸ்ட் முடிவில் அத்திப்பழமும் வான்தூ மலையடிவார மஸ்கட் திராட்சையும் வரும். வலன்சோல் பீடபூமியில் லாவெண்டர் பூப்பது ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை. உயரத்தில் இருக்கும் சோ ஊரில் இன்னும் சில வாரம் தள்ளி. புது ஆலிவ் எண்ணெய் வேண்டுமென்றால் டிசம்பரில் வர வேண்டும். ஒரே பயணத்தில் எல்லாம் கிடைக்காது. ஜூலையில் வந்து "புது எண்ணெய்" கேட்டால், நேர்மையான வியாபாரி சிரித்துக்கொண்டே போன வருடத்து எண்ணெய் என்று சொல்லிவிடுவார்.

மூன்று நாள் கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: முதல் நாள் பட்டறைகள், எண்ணெய் ஆலை, சோப்பு ஆலை, இரண்டாம் நாள் பெரிய சந்தை, கடைசி நாள் விவசாயிகள் சந்தை. பட்டறையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உண்மையான பொருள் எப்படி இருக்கும், என்ன விலை என்று அங்கே கண்ணும் மூக்கும் பழகிவிட்டால், சந்தையில் போலியை யாரும் உங்களிடம் தள்ளிவிட முடியாது. பல பட்டறைகள் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரையிலும், ஞாயிற்றுக்கிழமையும் மூடியிருக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

சில்லறையும் ஐந்து, பத்து யூரோ நோட்டுகளும் வேண்டும். கார்டு வாங்கும் விவசாயிகள் இப்போது நிறைய. ஆனாலும் சின்னத் தொகைக்கு வாங்கமாட்டார்கள். துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று காய்கனிக்கு, இன்னொன்று உடையும் பொருளுக்கு. கோடையில் பாலாடைக்கட்டி வாங்குவதாக இருந்தால் குளிர்காப்புப் பை அவசியம். சமையலறை வசதியுள்ள அறையாக இல்லாவிட்டால் காய்கனியில் பாதி வீணாகும்.

பிறகு நான்கு வாக்கியம். கடைக்கு முன்னால் போய் நின்றதும் "போன்ஜூர்" சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் நேராக விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. வீட்டுக்கு வந்தவர் வணக்கம் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது மாதிரி எடுத்துக்கொள்வார்கள். "வூ ஸெத் ப்ரொதுக்தர்?" என்றால் நீங்களே விளைவிக்கிறீர்களா என்று அர்த்தம். "ஸே வூ கி ல ஃபெத்?" என்றால் இதை நீங்களே செய்கிறீர்களா. "ஜ ப கூத்தே?" என்றால் ருசி பார்க்கலாமா. உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கேட்பதுதான் முக்கியம்.

3. முதல் சுற்றில் பணப்பையைத் திறக்காதீர்கள்

சந்தைகள் காலை எட்டு மணிவாக்கில் ஆரம்பித்துப் பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் கலைந்துவிடும். எட்டரைக்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் விற்பவருக்குப் பேச நேரம் இருக்கும். பத்தரைக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிட்டால் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

ஒரு முழுச் சுற்று வெறுமனே நடங்கள். உள்ளூர்க்காரர்கள், குறிப்பாகச் சக்கரப்பை இழுத்து வரும் வயதானவர்கள், எந்தக் கடையில் வரிசையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே வடிவ சோப்பு, ஒரே லாவெண்டர் பொட்டலம், ஒரே சிள்வண்டு பொம்மை நான்கு கடைகளில் கிடந்தால் நான்கும் ஒரே மொத்தக் கிடங்கிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்றில் வாங்குங்கள்: கனமில்லாததும் உடையாததும் முதலில், முலாம்பழமும் பாலாடைக்கட்டியும் கடைசியில்.

4. விளைவித்தவர் யார், வாங்கி விற்பவர் யார்

இந்தப் படியில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். சில அடையாளங்களைச் சொல்கிறேன்.

மேசையில் எத்தனை விதப் பொருள் என்று எண்ணுங்கள். விளைவிப்பவர் மேசையில் அந்த வாரம் அறுத்தது மட்டும் இருக்கும்: நான்கைந்து வகை, ஒவ்வொன்றும் நிறைய, உருவத்தில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. முப்பது வகை அடுக்கி, நடுவில் வாழைப்பழமும் அவகாடோவும் இருந்தால் அவர் மொத்தச் சந்தையில் எடுத்து விற்பவர். அதில் தப்பேதும் இல்லை, அவரும் நியாயமாக வியாபாரம் செய்பவர்தான். ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது அதற்காக அல்ல.

விலைப்பலகையைப் படியுங்கள். காய்கனிக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று எழுதிவைப்பது பிரான்சில் சட்டப்படி கட்டாயம். "எஸ்பாஞ்" என்றால் ஸ்பெயின், "மரோக்" என்றால் மொரோக்கோ. கிராமத்துப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கிய தக்காளியின் பலகையில் இந்தப் பெயர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு முத்திரை. ஏஓபி என்ற ஐரோப்பிய முத்திரை, பொருள் குறிப்பிட்ட மண்ணில் விளைந்து அங்கேயே குறிப்பிட்ட முறையில் தயாரானது என்பதற்குச் சான்று. ஐஜிபி முத்திரைக்கு அந்தப் பகுதியோடு தொடர்பு இருந்தால் போதும், விதி சற்றுத் தளர்வு. லாபெல் ரூஜ் என்பது தரத்துக்கான முத்திரை. பச்சை நிற ஏபி எழுத்து இயற்கை விவசாயத்துக்கு. "புரோவென்ஸ்" என்ற சொல்லையோ லாவெண்டர் வயல் படத்தையோ மட்டும் நம்பி வாங்காதீர்கள். அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

கடைசியாக, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இது எந்த வகை, எப்போது பறித்தது?" விளைவித்தவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போலப் பேச ஆரம்பித்துவிடுவார்.

5. காய்கனி: கையை வைக்காதீர்கள், நாளைச் சொல்லுங்கள்

நம் ஊரில் தக்காளியை அமுக்கிப் பார்த்துப் பொறுக்குவோம். இங்கே பல கடைகளில் விற்பவர்தான் எடுத்துத் தருவார். தட்டும் கூடையும் வைத்திருந்தால் மட்டும் நீங்களே பொறுக்கலாம். மற்ற இடத்தில், எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். "சு ஸ்வார்" என்றால் இன்று இரவு, "தமன்" என்றால் நாளை. முலாம்பழக்காரர் அதற்கேற்ற பழத்தை எடுத்து, காம்பைச் சுற்றி மெல்லிய விரிசல் விட்டிருப்பதைக் காட்டுவார். காம்பு கழலத் தயாராக இருந்தால் அன்றைக்கே வெட்ட வேண்டும். விரிசல் இல்லாவிட்டால் இரண்டு நாள் தாங்கும். கையில் தூக்கினால் அளவைவிடக் கனமாகவும் இருக்க வேண்டும்.

காய்கனிக்குப் பேரம் பேசுவது வழக்கமில்லை. சந்தை கலையும் நேரத்தில் அவராகவே இரண்டைக் கூடப் போடுவார், அது வேறு.

6. சைவர்கள் கேட்க வேண்டியவை

தப்பனாத் என்ற ஆலிவ் துவையலில் பாரம்பரியமாக நெத்திலி வகையைச் சேர்ந்த ஆன்ஷ்வா மீன் சேரும். பார்த்தால் தெரியாது. "ஸான் ஆன்ஷ்வா", அதாவது ஆன்ஷ்வா இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

பாலாடைக்கட்டியில் பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் சேர்க்கிறார்கள். செஸ்ட்நட் இலையில் சுற்றி நாரால் கட்டிய பனோன் ஆட்டுப்பால் கட்டி இந்தப் பகுதியின் பெருமை, அதிலும் அப்படித்தான். தாவர உறைபொருள் உள்ளதா என்று கேட்க "ப்ரெசூர் வெஜெத்தால்?" என்று சொன்னால் போதும். எக்ஸ் நகரத்து கலிசோன் இனிப்பில் பாதாமும் பதப்படுத்திய முலாம்பழமும் இருக்கும். மேலே பூசும் வெள்ளைச் சர்க்கரைப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு உண்டு.

7. ஆலிவ் எண்ணெய்: மூன்று ருசி, ஒரு கரண்டி

சந்தையில் வாங்குவதைவிட ஆலைக்கே போவது நல்லது. அங்கே சின்னக் கரண்டியில் ருசி பார்க்கத் தருவார்கள். வாயில் வைத்து, கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பிறகு விழுங்குங்கள். கசப்பும் தொண்டையில் ஒரு காரமும் தெரிந்தால் அது "ஃப்ருய்தே வேர்", காய்ப்பருவத்தில் பறித்த ஆலிவ். மென்மையாக, பாதாம் வாசத்தோடு இருந்தால் "ஃப்ருய்தே முய்ர்", பழுத்தது. மூன்றாவது வகை புதியவர்களைக் குழப்பும்: "ஒலீவ் மத்யூரே". பறித்த ஆலிவைச் சில நாள் ஊறலாக வைத்துப் பிழிவது. கோகோவும் காளானும் கலந்த மணம் வரும். கெட்டுப்போன எண்ணெய் என்று நினைத்துப் பலர் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதன் இயல்பே அதுதான்.

லே போ பள்ளத்தாக்கு, எக்ஸ், ஓத்-புரோவென்ஸ், நியோன்ஸ் ஆகியவற்றின் எண்ணெய்களுக்கு ஏஓபி உண்டு. கருநிறப் புட்டியோ தகர டின்னோ எடுங்கள், வெளிச்சம் எண்ணெயைக் கெடுக்கும். தாளிக்க இதை வாங்காதீர்கள். சாலட்டில், வெந்த காயின் மேல், ரொட்டியில் பச்சையாக ஊற்றத்தான் இந்த விலை தகும்.

ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் காளான் வகை) எண்ணெய் என்று விற்கும் குட்டிப் புட்டியை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதில் இருப்பது செயற்கை மணம். உண்மையான கறுப்பு ட்ரஃபிளைப் பார்க்க ஆசையென்றால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வெள்ளிக்கிழமை கார்பென்த்ராவுக்கும் சனிக்கிழமை ரிஷரான்ஷுக்கும் போகலாம்.

8. மார்செய் சோப்பு: பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும்

புதுச்சேரியிலிருந்து வந்த என் அத்தை முதல் கடையிலேயே பன்னிரண்டு சோப்பு வாங்கினார். ரோஜா, எலுமிச்சை, லாவெண்டர் என்று கலர் கலராக. அவர் சுத்த சைவம். வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்துக் காட்டினேன். "சோடியம் டாலோவேட்" என்று இருந்தது. மாட்டுக் கொழுப்பு. பன்னிரண்டையும் அத்தை தொடவே இல்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

"மார்செய் சோப்பு" என்ற பெயரை யாரும் தடுத்து வைக்கவில்லை என்பதால் எங்கே, எதில் செய்த சோப்பிலும் அந்தப் பெயர் வரலாம். பாரம்பரிய சோப்பு பெரிய கொப்பரையில் நாள்கணக்கில் கொதித்து, உப்புநீரில் கழுவப்பட்டு வருவது. அதைக் கண்டுபிடிக்க நான்கு விஷயம் பாருங்கள்.

நிறம் இரண்டுதான். ஆலிவ் எண்ணெயில் செய்தது பச்சை. தேங்காய், பனை எண்ணெயில் செய்தது வெளிர் வெள்ளை. பச்சை சோப்பு காயக் காய வெளியே பழுப்பேறும், வெட்டினால் உள்ளே பச்சை தெரியும். பளபளக்கும் ஊதாவும் இளஞ்சிவப்பும் வேறு வகை.

மணம் சேர்த்திருக்கக் கூடாது. மூக்கருகே வைத்தால் துவைத்த துணி வாசம் மட்டும் வர வேண்டும். அட்டையில் "பர்ஃபம்" என்ற சொல்லோ நிறமிக்கான எண்ணோ இருந்தால் பாரம்பரிய சோப்பு அல்ல.

பொருள் பட்டியல் குட்டையாக இருக்கும்: சோடியம் ஒலிவேட், சோடியம் கோக்கோவேட் போன்ற தாவர எண்ணெய்ப் பெயர்கள், தண்ணீர், உப்பு, சோடா.

கட்டியில் 72 சதவீதம் எண்ணெய் என்ற முத்திரையும் ஆலையின் பெயரும் அழுத்தியிருக்கும். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதையும் காப்பியடிக்கிறார்கள். ஆலையின் பெயரைப் படியுங்கள். மார்செய் நகரில் ஃபேர் ஆ ஷெவால், சாலோன் ஊரில் மரியஸ் ஃபாப்ர் ஆகியவை இன்னும் கொப்பரையில் காய்ச்சுகின்றன. சாலோனுக்கு ஒருமுறை போய், காயவைத்த கட்டிகளின் நடுவே நின்று மூச்சை இழுத்துவிட்டால் அந்த வாசம் மறக்காது. அதற்குப் பிறகு சந்தையில் தவறே வராது.

9. லாவெண்டர், தேன், மூலிகை

கண்ணுக்கெட்டிய வரை ஊதாவாகத் தெரியும் வலன்சோல் வயல்களில் பெரும்பகுதி லாவண்டின் என்ற கலப்பினம். மலைச்சரிவில் விளையும் லாவாந்த் ஃபீன்தான் நுண்ணிய மணமுள்ளது. கையில் ஒரு காம்பை எடுத்துப் பாருங்கள்: ஒற்றைக் காம்பில் ஒற்றைக் கதிர் என்றால் ஃபீன், நீளக் காம்பில் பக்கக் கிளை பிரிந்து மூன்று கதிர் இருந்தால் லாவண்டின். மணத்தில் கற்பூரம் தூக்கலாக இருந்தாலும் லாவண்டின்தான். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஃபீன் பூ ஏறத்தாழ 130 கிலோ வேண்டும், லாவண்டின் 40 கிலோ போதும். விலை வித்தியாசம் அதனால்தான். துணி அலமாரிக்குப் பொட்டலம் வேண்டுமென்றால் லாவண்டினே போதுமானது. எண்ணெய்க்கு மட்டும் "லாவண்டுலா அங்குஸ்திஃபோலியா" என்ற பெயரையும் ஓத்-புரோவென்ஸ் ஏஓபியையும் தேடுங்கள்.

லாவெண்டர் தேன் நாளாக ஆக வெண்ணெய் போல் உறையும். உறைந்தது கெட்டது அல்ல. புட்டியில் நாட்டின் பெயரைப் படியுங்கள். புரோவென்ஸ் தேனுக்கு ஐஜிபி உண்டு.

எர்ப் து புரோவென்ஸ் மூலிகைக் கலவையில் அதிகம் ஏமாறுகிறார்கள். பெயரில் புரோவென்ஸ் இருந்தாலும் இலைகள் வேறு நாட்டிலிருந்து வந்திருக்கலாம். லாபெல் ரூஜ் முத்திரை உள்ளதில் அளவு எழுதப்பட்ட விதி: ரோஸ்மேரி 26, சாவரி 26, ஓரிகானோ 26, தைம் 19, துளசி இனமான பேசில் 3 சதவீதம். லாவெண்டர் அதில் கிடையாது. கண்ணாடி வழியே பாருங்கள்: இலை இலையாகத் தெரிய வேண்டும், தூளும் குச்சியுமாக இருக்கக் கூடாது.

10. துணி, களிமண், கூடை

புரோவென்ஸின் பூப்போட்ட துணிக்கு இங்கே "இந்தியேன்" என்று பெயர். சோழமண்டலக் கரை உள்பட இந்தியத் துறைமுகங்களிலிருந்து வந்த அச்சுப் பருத்தியைப் பார்த்துத்தான் இவர்கள் கற்றார்கள். 1686 முதல் 1759 வரை பிரான்சில் அதற்குத் தடையே இருந்தது. நம் ஊர்ச் சாயம் தேடி வந்த துணி என்பதால் நான் இதைக் கொஞ்சம் அதிக நேரம் தடவிப் பார்ப்பேன்.

சந்தையில் தொங்கும் மேசைவிரிப்புகள் பல பாலியெஸ்டர். விரலால் கசக்கிவிட்டுப் பாருங்கள்: பருத்தி மடிப்பைப் பிடித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் உடனே விரிந்துவிடும். துணியின் கரையில் அச்சிட்ட பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தராஸ்கோனின் சூலெயாதோ, சேன்-எத்தியேன்-து-க்ரேயின் லெ ஒலிவாத் ஆகியவற்றின் கடைகளுக்குப் போனால் ஒப்பிட வசதி.

பூத்தி என்ற வெள்ளைத் தையல் வேலை வேறு. இரண்டு துணியைச் சேர்த்து உருவம் தைத்து, அந்தச் சந்துக்குள் பருத்தி நூலைக் கோத்துப் புடைக்க வைப்பது. கைவேலையா என்று அறிய அதை வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். நூல் நிரம்பிய இடம் நிழலாகவும், தையலுக்கு இடைப்பட்ட இடம் ஒளி ஊடுருவியும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே அழகு. நடுவில் பஞ்சு விரித்து எந்திரத்தில் தைத்த மெத்தை விரிப்பு முழுக்க மங்கலாகத்தான் இருக்கும். அதையும் பூத்தி என்றே விற்கிறார்கள். ஒரு சின்னத் துண்டுக்கே பல வாரம் பிடிக்கும் வேலை. விலை மலிவாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

சான்தோன் என்ற களிமண் பொம்மைகள் நம் கொலு பொம்மைகளின் உறவு என்றே சொல்வேன். மீன்காரி, ரொட்டிக்காரர், ஆடு மேய்ப்பவர் என்று ஊர் முழுவதும் இருக்கும். குடும்பங்கள் வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து கிறிஸ்துமஸுக்கு அடுக்குகின்றன. மார்செய் சான்தோன் சந்தை 1803 முதல் நடக்கிறது. பட்டறைகள் ஓபாஞ் ஊரில் அதிகம். அடிப்பாகத்தில் செய்தவர் பெயர் இருக்க வேண்டும். பிசினில் வார்த்ததைக் கண்டுபிடிப்பது எளிது: நகத்தால் தட்டினால் சுட்ட களிமண் கணீரென்று ஒலிக்கும், பிசின் மந்தமாக ஒலிக்கும்.

மூஸ்தியே பீங்கானில் தூரிகைக் கோட்டைப் பாருங்கள். கையால் வரைந்த இரண்டு தட்டில் ஒரே பறவை கொஞ்சமாவது மாறியிருக்கும். அச்சில் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

சந்தையில் எல்லாரும் தோளில் மாட்டும் பனையோலைக் கூடை பெரும்பாலும் மொரோக்கோ, மடகாஸ்கர் சரக்கு. உபயோகத்துக்கு நல்லதுதான், வாங்கலாம். ஆனால் அதை புரோவென்ஸ் கைவினை என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

11. வரியைத் திரும்பப் பெறுவதும் மூட்டை கட்டுவதும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், 16 வயது நிறைந்தவர், ஒரே கடையில் மூன்று நாளுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். பெயர் தேதாக்ஸ். சந்தை மேசைகளில் இது பொதுவாகக் கிடைக்காது, கடைகளில் கேட்கலாம். பணம் கட்டும் முன்பே கேளுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பில் போட்ட பிறகு கேட்டால் பலர் மறுத்துவிடுவார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் பாப்லோ என்ற எந்திரத்தில் படிவத்தைக் காட்டுங்கள். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம், அப்போது பெட்டி உங்களிடம் இருக்க வேண்டும். வேறு ஐரோப்பிய ஒன்றிய நாடு வழியாக வெளியேறினால் கடைசியாகப் புறப்படும் விமான நிலையத்தில்தான் இந்த வேலை.

எண்ணெய், தேன், தப்பனாத், மென்மையான பாலாடைக்கட்டி எல்லாம் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது, பெட்டிக்குள்தான். எண்ணெய்க்குத் தகர டின் வாங்கினால் பாதிக் கவலை குறையும். மூடியை நாடாவால் ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். பொம்மையையும் தட்டையும் வாங்கிய மேசைவிரிப்பிலேயே சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். சோப்பை மட்டும் துணியோடு ஒட்டி வைக்காமல் காகிதத்தில் சுற்றுங்கள், புதுக்கட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து கறை பிடிக்கும்.

புதுப் பழம், விதை, செடி இவற்றை இந்தியாவுக்கு எடுத்துப் போக வேண்டாம். பயிர்நோய்த் தடுப்பு விதிகள் கடுமையானவை. பாலாடைக்கட்டிக்கும் இறைச்சிக்கும் தனி விதிகள் உண்டு. கடைசி நாள் வாங்கிய முலாம்பழத்தையும் பனோனையும் கிளம்பும் முந்தைய இரவு ஒரு ரொட்டியோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.